வீடு மாறினால் விலாசம் யார் சொல்வது?

ஈரோடு வாசகர்: எங்கள் கடை வெப்சைட்டைப் புது டொமைனுக்கு மாற்றிவிட்டோம். பழைய முகவரிக்கு லிங்க் கொடுத்தவர்கள் நானூறு பேர் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் மெயில் போட வேண்டுமா?

போட்டால் முந்நூற்றைம்பது பேர் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். மீதிப் பேரில் பாதி, நீங்கள் லோன் விற்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

முதல் வேலை, பழைய வாசலில் ஆளை நிறுத்துவது. பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகப் புது முகவரிக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்கு ரீடைரக்ட் என்று பெயர். இது ஒழுங்காக இருந்தால் நானூறு லிங்க்கும் இருந்த இடத்திலேயே வேலை செய்யும்.

பிறகு நம் கைக்குள் இருப்பவை. ஊரெல்லாம் லிங்க்கை மாற்றச் சொல்லிக் கேட்பவரின் சொந்த மெயில் கையெழுத்தில் பழைய முகவரி பல்லிளிப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். யூடியூப் வீடியோக்களின் அடியில், ஃபேஸ்புக்கில், கூகுள் மேப்ஸில், வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கில், விசிட்டிங் கார்டில் எல்லாம் போய்ப் பாருங்கள். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குப் பழைய முகவரியில் கைகாட்டிக்கொண்டிருக்கும். சொந்த வீட்டுச் சமையலறைக்குத் தெருவைச் சுற்றிப் போவது போல. அதையும் திருத்துங்கள்.

கடைசியில்தான் மெயில். கூகுளின் சர்ச் கன்சோலில் யார் யார் உங்களுக்கு லிங்க் கொடுக்கிறார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். நிஜமாகவே ஆளை அனுப்புகிற பத்து இருபது பேரை மட்டும் பொறுக்குங்கள். கடிதம் மூன்று வரி போதும்: உங்களுடைய இந்தப் பக்கத்தில், இந்தப் பழைய லிங்க் இருக்கிறது, இதுதான் புதியது. 'தங்கள் மேலான தளத்தை நீண்ட நாட்களாக வாசித்து வரும்' என்று ஆரம்பித்தீர்களோ, குப்பைத் தொட்டிதான். நாள்தோறும் அப்படி ஆரம்பிக்கிற பத்து மோசடி மெயில்களை அவர் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

கும்பகோணம் வாசகி: ரீடைரக்ட்டில் 301, 302 என்று இரண்டு வகை என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

302 என்றால், 'ஆடி மாசம், அம்மா வீட்டுக்குப் போயிருக்கா, வந்துடுவா.' 301 என்றால், 'காலி பண்ணிட்டுப் போயாச்சு, இனி அங்கேதான்.' டொமைன் மாற்றத்துக்கு 301தான் சரி. ஆனால் ஒன்று: 301ஐப் பிரவுசர்கள் மனதில் வைத்துக்கொள்ளும். தப்பான இடத்துக்கு 301 போட்டுவிட்டுப் பிறகு திருத்தினால், ஏற்கெனவே வந்து போனவர்களின் கம்ப்யூட்டர் பழைய தப்பையே விசுவாசமாகச் செய்துகொண்டிருக்கும்.

ஆவடி வாசகர்: எங்கள் தொழில்நுட்பத் தம்பி பழைய பக்கங்கள் எல்லாவற்றையும் புதுத் தளத்தின் முகப்புக்குத் திருப்பிவிட்டார். 'ஒரே வரியில் வேலை முடிந்தது சார்' என்கிறார்.

அம்பத்தூருக்கு டிக்கெட் வாங்கியவரைக் கோயம்பேட்டில் இறக்கிவிட்டு, 'இதுவும் சென்னைதானே' என்று சொல்லும் கண்டக்டர் அவர். முறுக்கு செய்முறையைத் தேடி வந்தவர் முகப்பில் இரண்டு விநாடி விழிப்பார், பிறகு போய்விடுவார். கூகுளும் இதை மதிப்பதில்லை. பக்கமே இல்லாதது போலத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். எந்தப் பழைய பக்கத்துக்கு எந்தப் புதுப் பக்கம் என்று ஒரு எக்செல் பட்டியல் போடச் சொல்லுங்கள். இணையான பக்கமே இல்லை என்றால் 404, அதாவது 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று உண்மையைச் சொல்லிவிடலாம்.

மதுரை வாசகி: என் சமையல் தளத்தை வேர்ட்பிரஸிலிருந்து வேறு மென்பொருளுக்கு மாற்றினேன். ஆங்கில முகவரி உள்ள பக்கங்கள் ஒழுங்காக வருகின்றன. தமிழ் முகவரி உள்ளவை மட்டும் 404. தமிழ் என்றால் இளக்காரமா?

இளக்காரம் இல்லை, இட நெருக்கடி. இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

வெப்சைட் முகவரிக்குள் தமிழ் எழுத்து நேராகப் பயணம் செய்யாது. ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறி, மொத்தம் ஒன்பது இடத்தை அடைத்துக்கொள்ளும். புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனிச் சீட்டு. 'அம்மா' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஐந்து குறி, நாற்பத்தைந்து இடம். தமிழ் விக்கிப்பீடியா லிங்க்கை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சில சமயம் பேய் ஓட்டும் மந்திரம் மாதிரி நீளமாக வருவது இதனால்தான்.

வேர்ட்பிரஸ் பக்க முகவரிக்கு 200 இடம்தான் கொடுக்கும். உங்கள் 'வத்தக்குழம்பு வைப்பது எப்படி'யை எண்ணிப் பார்த்தேன். வத்தக்குழம்புக்கு 117, ஒரு கோடு, வைப்பதுக்கு 63, இன்னொரு கோடு. 182 ஆயிற்று. மிச்சம் 18 இடத்தில் இரண்டே குறி அடங்கும். ஆகவே இத்தனை வருஷமாக அந்தப் பக்கத்தின் முகவரி 'வத்தக்குழம்பு-வைப்பது-எப'. புது மென்பொருள் முழுசாக 'எப்படி' என்று எழுதிக்கொண்டு காத்திருக்கிறது. உலகம் 'எப' என்று வந்து கதவைத் தட்டுகிறது. பழைய டேட்டாபேஸிலிருந்து அந்த வெட்டுப்பட்ட முகவரிகளை அப்படியே எடுத்து ரீடைரக்ட் பட்டியலில் போடுங்கள். தலைப்பைப் பார்த்து ஊகிக்க வேண்டாம்.

சிவகாசி வாசகர்: பழைய டொமைனை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? வருஷா வருஷம் பணம் கட்ட வயிறு எரிகிறது.

ரீடைரக்ட்டை ஒரு வருஷமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். கட்டுப்படியாகும்வரை விடாதீர்கள் என்பேன் நான். நீங்கள் விட்ட டொமைனுக்காக ஆட்கள் காத்திருப்பார்கள். உங்களுக்குக் கிடைத்த லிங்க்குகளுக்காகவே வாங்குவார்கள். என் பழைய கட்டுரை ஒன்றில் ஒரு சிறு பத்திரிகையின் தளத்துக்கு லிங்க் கொடுத்திருந்தேன். அவர்கள் இடம் மாறினார்கள், பழையதைக் கைவிட்டார்கள். போன வருஷம் ஒரு வாசகர் கூப்பிட்டு, 'நவீன கவிதை பற்றி மேலும் படிக்க என்று போட்டிருக்கிறீர்கள், அமுக்கினால் ரம்மி விளையாடக் கூப்பிடுகிறான்' என்றார். கவிதையை விட அதில்தான் கூட்டம் அதிகம் என்று சமாளித்தேன்.

இனிப்புப் பெட்டியில், பட்டாசு அட்டையில் க்யூஆர் குறியீடு அச்சடித்திருக்கிறீர்களா? அப்படியானால் கேள்வியே வேண்டாம், கட்டிவிடுங்கள். அச்சில் ஏறிய லிங்க்கை எந்த மெயிலாலும் திருத்த முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டிய லிங்க்குகளில் பாதி, சொன்ன விஷயத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பே எண்ணிச் சொன்னார்கள். நீதிபதிகளுக்கே அந்தக் கதி.

சேலம் வாசகர்: மூன்று முறை மாறிவிட்டோம். முதல் முகவரி இரண்டாவதுக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு என்று அனுப்புகிறது. பரவாயில்லையா?

ஒன்றாம் கவுன்ட்டரில் கேட்டால் இரண்டாம் கவுன்ட்டர், அங்கே கேட்டால் நான்காவது. எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? எல்லாவற்றையும் நேராகக் கடைசி முகவரிக்கே திருப்புங்கள்.

சென்னை வாசகர்: அடுத்த முறை இந்தத் தலைவலியே வராமல் இருக்க?

சென்ட்ரல் ஸ்டேஷனைப் பாருங்கள். 1996இல் ஊரின் பெயர் மாறியது, 2019இல் ஸ்டேஷனின் பெயர் மாறியது. டிக்கெட்டில் வரும் குறியீடு மட்டும் இன்றும் மெட்ராஸ் காலத்து எம்.ஏ.எஸ்.தான். அதை யாரும் தொடவில்லை, ஒரு ரயிலும் வழி தவறவில்லை. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான்: மாறக்கூடிய எதையும் முகவரிக்குள் வைக்காதே. ஆசிரியர் பெயர், மென்பொருளின் பெயர், 'புதியது' என்ற சொல் எதுவும் வேண்டாம். தீபாவளிச் சலுகைப் பக்கத்துக்கு 'புதிய' என்று முகவரி வைத்த கடை ஒன்று எங்கள் தெருவில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு இப்போது ஏழு வயது.

கோவை வாசகி: மாமியார் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் பழைய லிங்க்கைப் போட்டுத் தொலைத்துவிட்டேன். மாற்ற முடியுமா?

அனுப்பிப் பதினைந்து நிமிஷம் ஆகவில்லை என்றால் எடிட் செய்யலாம். இந்தப் பத்தியை இவ்வளவு தூரம் நிதானமாகப் படித்துவிட்டு வந்திருந்தால், 301தான்.