கூடார முகாமுக்கு ஒரு நன்றிக் கடிதம்

அனுப்புநர்:
நாலாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியின் அப்பா.

பெறுநர்:
பள்ளி நிர்வாகத்தினர் அவர்கள்.

பொருள்: ஏற்காட்டில் நடந்த பெற்றோர்–பிள்ளை கூடார முகாமுக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

பிள்ளைகளுக்கு இயற்கையை நேரில் காட்டுவதாகச் சுற்றறிக்கையில் சொன்னீர்கள். சொன்னதற்கு மேலேயே காட்டிவிட்டீர்கள்.

ஐப்பசி மாதம், அடைமழைக் காலம். சேலம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்திருந்தது. ஆரஞ்சு என்றால் தயார் நிலையில் இருக்க வேண்டும். நீங்கள் இருந்தீர்கள். பஸ் கிளம்பும் முன்பே, ‘எந்த அசம்பாவிதத்துக்கும் பள்ளி பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியாயிற்று.

நிகழ்ச்சி நிரலையும் மழைக்காக மாற்றவில்லை. எட்டு மணிக்கு நட்சத்திரம் பார்த்தல் என்றிருந்தது. டார்ச் அடித்து மேகம் பார்த்தோம். அடுத்தது தீமூட்டல். நனைந்த விறகு கடைசிவரை பற்றவில்லை. புகையில் அப்பா, அம்மா, பிள்ளை எல்லோரும் சேர்ந்து அழுதோம். ‘உணர்வுபூர்வமான தருணங்கள்’ என்று அதையும் படமெடுத்துப் போட்டிருந்தீர்கள்.

இடி இடிக்கும்போது மரத்தடியில் நிற்கக் கூடாது என்று பயிற்சியாளர் அருமையாகப் பாடம் எடுத்தார். கூடாரங்கள் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் இருந்தன. மின்னலுக்குக் கூடாரத் துணி எந்தத் தடையும் இல்லை. கதவு சாத்திய பஸ்தான் பாதுகாப்பு. அந்த பஸ்ஸை அன்று மாலையே சேலத்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தீர்கள்.

24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. பெய்தால் கனமழை, 115.6 மி.மீ. தொட்டால் மிகக் கனமழை, 204.4 மி.மீ. தாண்டினால் அதிகனமழை. இது வானிலைத் துறையின் கணக்கு. எங்கள் கூடாரத்துக்குள் பெய்தது எந்த வகை என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஒரே ஒரு சந்தேகம். இதே மழை செவ்வாய்க்கிழமை பெய்திருந்தால் கலெக்டர் லீவு விட்டிருப்பார். பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று நீங்களே விடிகாலையில் வாட்ஸ்அப்பில் அறிவுரை அனுப்பியிருப்பீர்கள். கான்கிரீட் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கணக்குப் போட ஆபத்தான மழை, சனிக்கிழமை வந்ததும், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மலை மேல் துணிக்குக் கீழே படுக்க மட்டும் எப்படித் தோதாகிறது? ‘செலுத்திய கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்ற வரியைத் தவிர வேறு விஞ்ஞான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

மழையோடு எங்களுக்கு வழக்கு இல்லை. அது சொல்லிவிட்டுத்தான் வந்தது. பிள்ளைகளும் சேற்றில் குதித்துச் சந்தோஷமாகவே இருந்தார்கள். தூறலில் நனையவிடுவது வேறு, இடியில் மரத்தடியில் படுக்கவைப்பது வேறு. அடுத்த சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ‘ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் முகாம் தள்ளிவைக்கப்படும், வர இயலாதவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும்.’ அதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கள்.

இப்படிக்கு,
தும்மலுடன்,
ஒரு தகப்பன்.