ஆளில்லாத வீட்டின் அழகு

பினாங்கு ஜார்ஜ்டவுனின் பாரம்பரிய ஆர்வலர்களை மெச்சாமல் இருக்க முடியாது. 2008இல் யுனெஸ்கோ பட்டம் வந்ததிலிருந்து ஊரில் ஒரு சுவரும் தனியாக நிற்பதில்லை. ஆர்மீனியன் ஸ்திரீட் சுவரில் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளோடு படமெடுக்க வரிசை நிற்கிறது, நிஜச் சைக்கிளில் வரும் பிள்ளைக்கு, “ஓரமாப் போ தம்பி!”

ஞாயிறு பாரம்பரிய நடையில், கடைவீட்டு முன்நடையான அஞ்சடியில் நின்று வழிகாட்டி உருகுகிறார்: “இங்கேதான் தையல்காரர் மெஷின் போட்டிருந்தார்.” எத்தனை வசதி! தையல்காரர் இருந்திருந்தால் நிற்க இடமேது? வாடகைக் கட்டுப்பாடு 2000இல் ஒழிந்ததும் பழைய குடித்தனக்காரர்கள் பலர் பெருந்தன்மையாகக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் சமைத்த இடத்தில் இப்போது காப்பி, விடுதி, ஏசி.

அடுத்த நடைக்கு என் யோசனை: அந்தக் குடித்தனக்காரர்களையும் பார்த்துவிடுவோம். ஃபெர்ரி துறையில் கூடுங்கள். அக்கரையில் அடுக்குமாடி, லிப்ட் ஓடினால் நல்லது.