ஸ்டியரிங் இழுக்கிறதா? பாட்டுச் சத்தத்தைக் கூட்டுங்கள்!

உங்களிடம் பத்து வயதான மாருதி ஆல்ட்டோ ஒன்று இருக்கிறது. கொஞ்ச நாளாக ஸ்டியரிங்கில் ஏதோ கோளாறு. நேராகப் பிடித்தால் ஒரு பக்கம் போகிறது, எண்பதைத் தொட்டால் நடுங்குகிறது, திருப்பினால் ‘டொக்’ என்கிறது. கவலையே வேண்டாம். இதை எப்படிக் கையாள்வது என்பதில் உங்களுக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் உண்டு. அதை ஒழுங்குபடுத்தித் தருவது மட்டுமே என் வேலை. படிகளை வரிசை மாறாமல் செய்யுங்கள். செலவு அதிகமானது முதலில், காசே ஆகாதது கடைசியில். முடிந்தால் கடைசியிலும் வேண்டாம்.

1. பாட்டைக் கூட்டுங்கள்

சத்தம் கேட்ட அன்றே செய்ய வேண்டியது இது. தள்ளிப்போட்டால் காது பழகி, சத்தத்தை இனம் பிரிக்க ஆரம்பித்துவிடும். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ்ஷோ பால் ஜாயிண்டோ தேய்ந்திருக்கலாம். முழுக்க ஒடித்து யூ டர்ன் போடும்போது ‘டக் டக் டக்’ என்று வந்தால் அது ஸ்டியரிங்கே இல்லை, ஆக்சிலின் வெளிப்பக்க ஜாயிண்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போயிருக்கும். நின்ற இடத்தில் திருப்பும்போது ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பேரிங்கைப் பார்க்க வேண்டும். வண்டி இப்படி ஒவ்வொன்றையும் விலாசத்தோடு சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்டுக்கொண்டிருந்தால் பாதி வேலை முடிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. ஆகவே இளையராஜா, சத்தம் முப்பது.

2. டயர் பக்கம் குனியாதீர்கள்

டயருக்கு எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். அதன்மேல் குலதெய்வத்தின் படத்தை ஒட்டிவிடுங்கள். பங்க்கில் காற்றடிக்கும் தம்பி “எவ்ளோ சார்?” என்று கேட்டால், “வழக்கமா அடிக்கிறதை அடிப்பா” என்று சொல்லுங்கள். அவர் வழக்கமாக அடிப்பது லோடு ஆட்டோவுக்கு.

காற்றைப் பார்த்தே தீர வேண்டுமென்றால், திண்டிவனத்திலிருந்து ஒரே மூச்சில் வந்து, டயர் கொதிக்கும்போது பாருங்கள். சூட்டில் ஏறிய அழுத்தத்தைப் பார்த்துப் பதறி, அந்த அதிகத்தைத் திறந்துவிடுங்கள். மறுநாள் காலை ஆறிய டயர்கள் நான்கும் சோர்ந்து கிடக்கும், ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கும். பவர் ஸ்டியரிங் மோட்டார் போய்விட்டது என்று நீங்கள் உறுதியாக நம்பலாம்.

முன்பக்கம் ஒரு டயரில் மட்டும் காற்று குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இது யாருக்கும் தெரியக்கூடாத ரகசியம். தேய்மானமும் அப்படித்தான்: இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் கோளாறு. குனிந்து உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும். உங்களுக்கோ இடுப்பு வலி.

3. சரிவான சாலையில் சோதியுங்கள்

வண்டி இழுக்கிறதா என்று பார்க்கத் தட்டையான, காலியான சாலையைத் தேடாதீர்கள். மழைத்தண்ணீர் வடிவதற்காக நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும்; நாம் ஓட்டுவதோ இடப்பக்கம். கையை விட்டால் குறையே இல்லாத வண்டியும் மெல்ல இடது ஓரம் சரியும். அதைப் பார்த்ததும் “பாத்தியா, இழுக்குது!” என்று பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் வெற்றியோடு சொல்லுங்கள். அவர் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்க டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு, இழுப்பும் பக்கம் மாறுகிறதா என்று பார்க்கும் வழி ஒன்று உண்டு. மாறினால் குற்றவாளி டயர். ஒரு ஜாக்கியும் அரை மணி நேரமும் போதும். இவ்வளவு மலிவான பரிசோதனையில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

4. சித்தப்பாவைக் கூப்பிடுங்கள்

ஒவ்வொரு குடும்பத்திலும் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற சித்தப்பா ஒருவர் இருப்பார். அவரை ஓட்டவிடுங்கள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, “ஸ்டியரிங் பாக்ஸ்ல ஆயில் இல்லடா” என்பார். அவர் ஓட்டிய பேருந்தில் பாக்ஸ் இருந்தது. உங்கள் ஆல்ட்டோவில் இருப்பது ரேக் அண்ட் பினியன். பவர் ஸ்டியரிங் உள்ள மாடலென்றால் அதுவும் மின்சார மோட்டார், ஆயிலே கிடையாது. பெரியவரை எதிர்த்துப் பேசக் கூடாது. ஆயில் வாங்கி வாருங்கள்.

பானெட்டைத் திறந்தால் பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பா கண்ணில் படாது. மனம் தளராமல் கண்ணில் படும் முதல் டப்பாவில் ஊற்றுங்கள். அது பிரேக் ஆயில் டப்பாவாக இருக்கும். அந்த ஆயில் பட்டால் பிரேக்கின் ரப்பர் சீல்கள் ஊறி வீங்கும். இனி ஸ்டியரிங்கைப் பற்றிக் கவலைப்பட உங்களுக்கு நேரமே இருக்காது.

சித்தப்பா ஊரில் இல்லாவிட்டால் மச்சான் போதும். அவர் வண்டியைப் பார்க்காமலே போனில் சொல்லிவிடுவார்: “மச்சான், ரேக் போச்சு.”

5. மெக்கானிக்கிடம் மர்மம் காக்கவும்

இந்தப் படியில்தான் ஆளுமை தேவை. நல்ல மெக்கானிக் கேள்வி கேட்பார். நீங்கள் பிடிகொடுக்கக் கூடாது.

“என்ன சார் பிரச்சினை?”

“ஸ்டியரிங் ஒரு மாதிரி இருக்குப்பா.”

“எந்தப் பக்கம் இழுக்குது?”

“பக்கம்னு சொல்ல முடியாது.”

“பிரேக் அடிக்கும்போதா, சும்மா போகும்போதா?”

“போகும்போதும் இருக்கு, வரும்போதும் இருக்கு.”

“எந்த ஸ்பீடுல சார் ஆடுது?”

“நான் ஸ்பீடா போறதே இல்லப்பா.”

அற்புதம். பிரேக் அடிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் வெட்டுகிறது என்று வாய்தவறிச் சொல்லியிருந்தால், அவர் நேராக பிரேக் கேலிப்பரில் கை வைத்திருப்பார். பிரேக் அடிக்கும்போது மட்டும் கையில் நடுங்குகிறது என்றிருந்தால் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்திருப்பார். பிரேக்கே தொடாமல், எண்பதுக்கு மேல் மட்டும் ஆடுகிறது என்றால் வீல் பேலன்சிங் என்று அனுப்பியிருப்பார். நடுக்கம் கையில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின்சக்கரம் என்று அதையும் பிரித்திருப்பார். மூன்று பதில், மூன்று நிமிடம். அத்தனையையும் ‘ஒரு மாதிரி’ என்ற இரண்டே சொல்லில் நீங்கள் தடுத்துவிட்டீர்கள்.

“ஓட்டிக் காட்டுங்க சார்” என்பார். மறுத்துவிடுங்கள். சாவியை நீட்டி, “சாயங்காலம் வண்டி வேணும்” என்று மட்டும் சொல்லுங்கள். போன மழையில் வேளச்சேரியில் தண்ணீருக்கடியில் இருந்த குழிக்குள் முன்சக்கரம் ‘தொம்’ என்று இறங்கி, ரிம் நெளிந்ததைப் பற்றி மூச்சுவிடாதீர்கள். அது வீட்டிலேயே யாருக்கும் தெரியாது.

6. முதலில் அலைன்மென்ட், பிறகு மற்றதெல்லாம்

தேய்ந்துபோன டை ராட் எண்டோடு அலைன்மென்ட் பார்ப்பது கூடாது என்பார்கள். மூட்டிலேயே ஆட்டம் இருக்கும்போது இன்று வைத்த அளவு நாளை நிற்காது, அதனால் முதலில் ஆட்டத்தைச் சரிசெய்து, காற்றைச் சமப்படுத்தி, அப்புறம் அலைன்மென்ட் என்பது அவர்கள் வாதம். நீங்கள் திருப்பிச் செய்யுங்கள். இன்று அலைன்மென்ட். அடுத்த வாரம் டை ராட் எண்ட் மாற்றம். மாற்றினால் அளவு கலையும், எனவே மறுபடி அலைன்மென்ட். அதற்கடுத்த வாரம் லோயர் ஆர்ம். மறுபடி அலைன்மென்ட். கடைக்காரர் மகளின் கல்யாணப் பத்திரிகை வீடு தேடி வரும்.

கையில் கொடுக்கும் தாளில் டோ, கேம்பர், காஸ்டர் என்ற சக்கரக் கோணங்கள் பச்சையும் சிவப்புமாக எண்களில் இருக்கும். உங்கள் வண்டியின் முன்சக்கரத்தில் திருகிச் சரிசெய்ய இருப்பது டோ மட்டும்தான். கேம்பரோ காஸ்டரோ சிவப்பில் நின்றால் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது. அந்தத் தாளை மடித்து, காலாவதியான இன்சூரன்ஸ் தாளுக்கு நடுவில் வையுங்கள்.

7. கோணலாக நிற்கும் ஸ்டியரிங்குக்கு ஒரே தீர்வு

அலைன்மென்ட் முடிந்து வரும்போது வண்டி நேராகப் போகும், ஸ்டியரிங் மட்டும் கோணலாக நிற்கும். டை ராடுகளை இரண்டு பக்கமும் சமமாகத் திருகாமல் ஒரே பக்கத்தில் வேலையை முடித்திருப்பார்கள். திரும்பிப்போய்ச் சொன்னால் இலவசமாகவே சரிசெய்து தருவார்கள். அது கௌரவக் குறைவு. ஸ்டியரிங்கையே கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். இண்டிகேட்டர் அணைய வேண்டிய இடத்தில் அணையாது; அதனாலென்ன, யார் போடுகிறார்கள் இண்டிகேட்டர்? ஏர்பேக் உள்ள வண்டியென்றால் உள்ளே சுருண்டிருக்கும் மின்சார நாடா அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு. டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். இரவில் அழகாக இருக்கும்.

8. ரேக்கை மாற்றுங்கள்

இதுவரை வந்துவிட்டீர்கள் என்றால் மச்சான் சொன்னதுதான் சரி என்று தோன்றும். ரேக் அசெம்பிளியை முழுதாக மாற்றுங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் மின்சார ஸ்டியரிங் கனக்கும் என்பதையோ, பார்க்கிங்கில் முழுக்க ஒடித்தபடியே பிடித்துக்கொண்டிருந்தால் மோட்டார் சூடாகி உதவியைக் குறைத்துக்கொள்ளும், ஆறினால் திரும்பிவிடும் என்பதையோ அதற்குமுன் விசாரிக்க வேண்டாம். ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் இறுகி, இரண்டு இடத்தில் தளர்ந்தால் காலடியில் இருக்கும் ஸ்டியரிங் கம்பியின் ஜாயிண்ட் துருப்பிடித்திருக்கலாம் என்றும் யோசிக்காதீர்கள். பழைய ரேக்கைக் கேட்டு வாங்கி டிக்கியில் வையுங்கள். எதற்கு என்று கேட்டால், “இருக்கட்டும்” என்று சொல்லுங்கள்.

எச்சரிக்கை: இதை மட்டும் செய்யாதீர்கள்

சிலர் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா, டை ராட் எண்டையும் ரேக்கையும் பார். பன்னிரண்டும் ஆறும் இருக்கும் இடத்தில் தெரிகிறதா, வீல் பேரிங்கையும் பால் ஜாயிண்டையும் பார். சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைக்க, இன்னொருவர் மூட்டுகளில் விரல் வைத்துத் தொட்டுப் பார்ப்பார். சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் எவ்வளவு ஆடுகிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பவர்களும் உண்டு. வண்டியோடு வந்த கையேட்டில் 30 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்று போட்டிருக்கும். இப்படிப் பார்த்தவர்களுக்குப் பத்து நிமிடத்தில் கோளாறு தெரிந்துவிடுகிறது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை முழுதும் என்ன செய்வார்கள், பாவம்?

கையேடு என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்களுடையது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருக்கிறதல்லவா? இருக்கட்டும். விற்கும்போது காட்டலாம்.

9. விற்றுவிடுங்கள்

விளம்பரத்தில் ‘சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, புது ரேக்’ என்று போடுங்கள். பார்க்க வருபவரைச் சரிவான தெருவில் ஓட்டவிடாதீர்கள். பாட்டைப் போட்டு வையுங்கள்.

அந்தக் காசில் அடுத்த பழைய வண்டி பார்க்கப் போவீர்கள். போகும்போது சித்தப்பாவைக் கூட்டிப்போங்கள். டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019இன் இருபத்து மூன்றாவது வாரம். அதைப் படிக்காதீர்கள். ஸ்டியரிங்கைத் திருப்பியும் பார்க்க வேண்டாம். சீட் கவர் புதிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, அட்வான்ஸைக் கொடுத்துவிடுங்கள்.