கை நீட்டாத அண்ணாச்சி

தூத்துக்குடியில் சாமான் கொள்முதல் பார்க்கும் அலுவலர்களில் ஒரு வகை உண்டு. ‘நான் யார்ட்டயும் கை நீட்டுறதில்ல’ என்பது அவர் வாயில் ஓயாமல் வரும் பேச்சு. அது உண்மையும்கூட. கை நீட்ட அவசியமே இல்லாமல் எல்லாம் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

வருவதற்குப் பருவம் உண்டு. தீபாவளிக்கு மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் சேர்ந்த அந்தப் பண்டத்துக்கு எடை குறைவு. பத்து டப்பா வந்தாலும் மனசாட்சிக்குப் பாரம் தெரியாது. பொங்கலுக்கு உடன்குடிக் கருப்பட்டி. ஜனவரியில் டைரிகள், எதிலும் ஒரு வரி எழுதப்படாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஊரே சீலா மீனின் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்து போகும் அந்த 61 நாளிலும் அண்ணாச்சி வீட்டுக் குழம்பில் சீலா மிதக்கும்.

வாங்குவதற்கும் முறை இருக்கிறது. ‘எதுக்குடே இதெல்லாம்?’ என்பார். ‘ஒண்ணுமில்ல அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு’ என்று பதில் வரும். பிள்ளைகள் இருவரும் பெங்களூரில் வேலை பார்ப்பது இருவருக்கும் தெரியும். பில்லைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மூன்றாம் நாள் அது பாஸாகிவிடும். வெறுங்கையோடு வந்த சப்ளையரின் பில்லுக்கு மட்டும் ஏதோ ஒரு விளக்கம் தேவைப்படும்.

சட்டம் தெரியாதவர் அல்லர். மத்திய அரசு ஊழியர் என்றால், 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 13-ஆவது விதி அவருக்கு மனப்பாடம்: எப்போதாவது ஒரு சாப்பாடு, வண்டியில் ஒரு சவாரி, இவையெல்லாம் பரிசாகா. அலுவல் தொடர்புள்ள கம்பெனிகளின் தடபுடலான விருந்தையும் அடிக்கடி விருந்தையும் தவிர்க்க வேண்டும் என்ற குறிப்பும் அதே விதியில்தான் இருக்கிறது. அந்த இடம் வரும்போது மூக்குக்கண்ணாடி காணாமல் போய்விடும்.

இந்த வழக்கத்துக்குக் கரையில் பழைய வேர் உண்டு. முத்துக்குளிப்பவர்கள் பிடித்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு சுறா கடிக்காமல் மந்திரம் போடுபவருக்கும் போனதாக 13-ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ சொல்கிறார். தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்கவில்லை. பங்கு மட்டும் கரையேறிவிட்டது. அன்று சுறாவைக் கட்டியவர் வாங்கினார். இன்று சுறாவே வாங்கிக்கொள்கிறது.

செப்டம்பர் 5, வ.உ.சி. பிறந்த நாள் கூட்டத்தில் அண்ணாச்சி உருகிப் பேசுவார். சுதேசிக் கப்பலுக்குப் போகும் பயணிகளை இழுக்க வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டையும் இலவசமாக்கிக் குடையும் கொடுத்ததே, அதற்கு மயங்கலாமா என்று கேட்பார். கைதட்டு வாங்கி வெளியே வந்து வெயிலுக்கு விரிக்கும் குடையில் ஒரு கண்டெய்னர் கம்பெனியின் பெயர் அச்சடித்திருக்கும்.

‘எம்மேல உள்ள பிரியம்’ என்றே கடைசிவரை நம்புகிறார். ஓய்வு பெற்ற வருடத் தீபாவளிக்கும் ஒரு டப்பா வந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் அதே பையன் திரும்பி வந்து தலையைச் சொறிவான்: ‘பழைய லிஸ்ட் அண்ணாச்சி, புது ஆபீசர் வீட்டுக்குப் போகணும்.’ டப்பா திரும்பிப் போகும். அதில் நாலு மக்ரூன் குறைந்திருக்கும்.