சராசரிக்குக் கீழே ஒரு டாக்டர்

சின்ன வயதிலிருந்தே பேசாலைக் கரையில் அப்பாவுக்குத் திருக்கை அறுத்துக் கொடுக்கிறேன். கத்தி பிடித்துப் பழகிய கை! உயர்தரத்தில் மட்டும் இசட் புள்ளி சராசரிக்கும் கீழே. மன்னார் ஒதுக்கீட்டில் மருத்துவ பீடம் கிடைக்குமா?

– ‘வருங்கால டாக்டர்’, பேசாலை

அறுத்த திருக்கை எழுந்து நடக்க வேண்டும் என்று யாராவது உங்களிடம் கேட்டதுண்டா, தம்பி?

இசட் புள்ளியில் சராசரி என்றாலே பூச்சியம். நீங்கள் அதற்கும் கீழே, கடல் மட்டத்துக்கு அடியில் நிற்கிறீர்கள். பல்கலைக்கழக இடங்களில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென வைத்த 5 வீதத்தில் மன்னாருக்கும் பங்குண்டு. மருத்துவத்துக்கான அதன் வெட்டுப்புள்ளியும் வழக்கமாகக் கொழும்பைவிடக் குறைவு. குறைவென்றாலும் பூச்சியத்துக்கு நன்றாக மேலே! அங்கே உங்களோடு மல்லுக்கு நிற்பது கொழும்புப் பிள்ளை அல்ல, அடுத்த வாங்கில் இருக்கும் பிள்ளை.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் தோற்றலாம். இது எத்தனையாவது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்களே?