சிறையில் தைத்த போர்வை

கேள்வி: ஒட்டுத்துணிப் போர்வையை அருங்காட்சியகத்தில் வைக்கும் அளவுக்கு அதில் என்ன விசேஷம் இருக்கிறது?
— வாசகி, ஜொகூர் பாரு

பதில்: தங்கள் ஊருக்கு எதிர்க்கரையிலுள்ள சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில், 1942-இல் ஜப்பானியரால் அடைக்கப்பட்ட ஸ்திரீகள், தாங்கள் ஜீவித்திருக்கும் சமாசாரத்தைப் பிரிக்கப்பட்ட புருஷர்களுக்கு அறிவிக்க வேறு மார்க்கமின்றி, பெயரும் பூவும் தைத்த 66 சதுரத் துணிகளை ஒரு போர்வையாக இணைத்து, அவ்விதம் மூன்று போர்வைகளை ஆஸ்பத்திரிகளுக்கென்று அனுப்பினார்கள். அவற்றுள் ஒன்றைக் காயமுற்ற ஜப்பானியச் சிப்பாய்களுக்கே சமர்ப்பணம் செய்த சாதுரியத்தை என்னென்பது! கடிதத்தைத் தடுக்கத் தெரிந்த அதிகாரத்துக்குத் தையலை வாசிக்கத் தெரியவில்லை. இன்று ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும், மற்ற இரண்டு கான்பெரா போர் நினைவகத்திலும் இருக்கின்றன. ஆகவே, பாட்டி தைத்த பழம்புடவை விரிப்பைக் கரித்துணியாக்குமுன், தயவுசெய்து ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.