வேலி கொஞ்சம் வெளுப்பாம்

பெருமதிப்பிற்கும் பேரச்சத்திற்கும் உரிய, எச்ஓஏ என்ற வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கட்டடக் கட்டுப்பாட்டுக் குழுவினர் சமூகத்திற்கு,

டாலஸுக்கு வடக்கே, ஒரே அச்சில் வார்த்தெடுத்த வீடுகளில் ஒன்றில், மேற்குப் பார்த்த வேலியோடு குடியிருக்கும் அடியேன் எழுதுவது. தங்கள் மாதமடல் வந்து சேர்ந்தது. ‘சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகாத வேலி’ என்ற தலைப்பின்கீழ் என் படத்தைப் பார்த்துப் புளகாங்கிதம் அடைந்தேன். கையில் தூரிகை, இடுப்பில் மடித்துக் கட்டிய லுங்கி, பின்னணியில் சற்றே மங்கலாக வேலி. சிவப்பு வட்டத்தை மட்டும் ஏன் லுங்கியைச் சுற்றிப் போட்டீர்கள் என்று விளங்கவில்லை. எங்கள் பேட்டைத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் அது அன்று மாலைக்குள் ஸ்டிக்கர் ஆகிவிட்டது. என்னைப் பிரபலமாக்கியதற்கு நன்றி. நிற்க.

மடலோடு வந்த தங்கள் கடிதத்தின் சாரம் இது: வேலிக்கு நான் அடித்திருக்கும் ஸ்டெயின் என்ற மரப்பூச்சு போதிய அளவு கறுப்பாக இல்லை.

நான் பிறந்த ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, ‘வீட்டுக்குப் போய்த் தகவல் சொல்கிறோம்’ என்று எழுந்து போய், தரகர் மூலமாக ‘பெண் கொஞ்சம் கறுப்பு’ என்று சொல்லி அனுப்புவார்கள். ‘பெண் கொஞ்சம் வெளுப்பு’ என்று தட்டிக்கழித்த சம்பந்தி வீட்டை டெக்சாஸில்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். எத்தனையோ பெரியவர்கள் மேடை போட்டுப் பேசியும் எங்கள் ஊரில் செய்ய முடியாத புரட்சியைத் தாங்கள் ஒரு வேலியை வைத்துச் செய்துவிட்டீர்கள்.

நான் பெண்ணை ஒளித்துவைத்துக் காட்டியதாகத் தாங்கள் நினைத்துவிடக் கூடாது. முறைப்படி விண்ணப்பம் போட்டேன், மாதிரிப் பலகையும் கொடுத்தேன். பதில் வரவில்லை. மௌனம் சம்மதம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தங்கள் வழக்கத்தில் மௌனம் என்றால் மாதமடல் போலிருக்கிறது.

அங்கீகரிக்கப்பட்ட நிறங்களின் பட்டியலைப் பயபக்தியோடு பார்த்தேன். எஸ்பிரெஸ்ஸோ, டார்க் வால்நட், எபனி. அதாவது கறுப்பு, அதைவிடக் கறுப்பு, அமாவாசை. என் வேலிக்கு வாய்த்ததோ தேன் கலந்த பழுப்பு. எங்கள் கல்யாண விளம்பரங்களில் மாநிறம் என்று போடுவோமே, அது.

ஏன் மாநிறம் என்று சொல்ல அனுமதி வேண்டும். மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சூரியனின் புற ஊதாக் கதிர் அரித்துத் தின்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போக, சீடார் பலகை சாம்பல் பூத்துப்போகிறது. நிறமே இல்லாத பூச்சு தண்ணீரைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. இந்த ஊரில் ஒரு வருஷம் தாங்கினால் அதிகம். நிறமிதான் குடை. அதிலும் இரும்பு ஆக்சைடு. நம் கோயில் சுவரில் பட்டையடிக்கிற காவிக்கல்லில் இருப்பதும் அதுதான்.

அப்படியானால் நிறமி கூடுதலாக உள்ள கறுப்பு இன்னும் நல்லதுதானே என்று தாங்கள் கேட்பீர்கள். கதிரைத் தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் வெப்பத்தைக் குடிக்கும். மதியம் 2 மணியிலிருந்து அந்திவரை மேற்கு வெயிலை வாங்குகிற கறுப்புப் பலகை காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சுடும். ஈரம் சட்டென்று வற்றிப் பலகை கோணும், வாய் பிளக்கும், ஆணி தலையை நீட்டும். பைன் மரமாக இருந்தால் கணுவிலிருந்து பிசின் வடியும். மரம் தெரியாதபடி மூடுகிற கெட்டிப் பூச்சு என்றால் ஈரம் புகுந்த இடத்தில் செதில் செதிலாக உரியும். உரிந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். போதாக்குறைக்கு, கறுப்பு வெளுத்தால் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். மரத்தின் ரேகை தெரிகிற செமி டிரான்ஸ்பரன்ட் மாநிறம் வெளுத்தாலும் மரத்தின் சொந்த நிறத்தோடு கலந்துவிடும்; சில வருஷம் கழித்துக் கழுவிவிட்டு மேலேயே இன்னொரு கை பூசலாம். வெயில் ஊருக்கு ஏற்ற பெண் இவள்தான் என்று ஜாதகம் பார்க்காமலே சொல்லலாம்.

நம்ப மறுத்தால் நீச்சல் குளத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். அங்கே இருப்பது தங்கள் சொந்த வேலி, தங்கள் சொந்த எபனி. கிழக்குப் பக்கம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. மேற்குப் பக்கம் கருவாடு. அந்த வேலியின் படம் எந்த மடலிலும் வந்ததாக நினைவில்லை. மாப்பிள்ளைக்கு வழுக்கை இருந்தால் தலைப்பாகை கட்டிப் படம் எடுப்பதுதானே வழக்கம்.

அடுத்தது கெடு. 30 நாளில் மறுபடி பூச வேண்டுமாம், இல்லையேல் அபராதமாம். கடிதத்தின் தேதி ஜூலை. நான் வாங்கிய டப்பாவின் முதுகில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் பூசாதே, நேர் வெயிலில் பூசாதே என்று போட்டிருக்கிறது. நம் கணக்கில் 32 டிகிரி செல்சியஸ். மீறிப் பூசினால் மரம் உறிஞ்சுவதற்குள் மேலே காய்ந்து தூரிகைத் தடமெல்லாம் வரிவரியாக நிற்கும். இந்த ஊர் ஆகஸ்டில் அந்த வெப்பநிலை எப்போது கிடைக்கும் என்று தாங்கள் நினைக்கிறீர்கள்? விடியற்காலையில், ஸ்பிரிங்க்ளர் வேலியை நனைத்துவிட்டுப் போன பிறகு. 2011-ல் டாலஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் 71 நாள் 100 டிகிரியைத் தொட்டது. அப்படிப்பட்ட ஊரில் நடுக்கோடையில் முகூர்த்தம் குறித்துக் கொடுக்கிற புரோகிதரை நான் பார்த்ததில்லை.

ஆள் வைத்துச் செய்யலாமே என்கிறது கடிதம். வருகிறவர்கள் யார் என்று தெரியுமா? தலையில் ஈரத் துண்டு, வாயில் ஸ்பானிஷ், முதுகில் வெயில். அந்தச் சூட்டில் எண்ணெய்ப் பூச்சின் நெடியை மூச்சில் இழுத்துக்கொண்டு நாள் பூராவும் நிற்க வேண்டும். எதற்கு? ஏசி அறையில் உட்கார்ந்து நிற அட்டையைப் புரட்டுகிற நாலு பேருக்குப் பழுப்பு பிடிக்கவில்லை என்பதற்கு. பலகை கோணினால் செலவு என்னுடையது. மயங்கி விழுந்தால் உடம்பு அவர்களுடையது. அபராதப் பணம் மட்டும் உங்களுடையது. மரத்தைப் பற்றி ஒரு வரி படிக்காமல் மரத்துக்குச் சட்டம் போட உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

மன்னிக்க வேண்டும். சம்பந்தி வீட்டில் குரல் உயர்த்தக் கூடாது. தாம்பூலத் தட்டை நிமிர்த்திவைத்துவிட்டுத் தொடர்கிறேன்.

டெக்சாஸ் சொத்துச் சட்டத்தில் 209.00505 என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2021-ல் வந்தது. விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தையும் செய்ய வேண்டிய மாற்றத்தையும் எழுத்தில் விளக்கமாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் கேட்டால் 30 நாளுக்குள் சங்கத்தின் நிர்வாகக் குழு விசாரணை நடத்த வேண்டும். ‘ஒத்துப்போகவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லும் லுங்கி வட்டமும் அந்த விளக்கத்தில் சேருமா என்பது எனக்கு ஐயம். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. 40 மனைக்கு மேற்பட்ட குடியிருப்பில் நிர்வாகக் குழு உறுப்பினரோ, அவருடைய கணவனோ மனைவியோ கட்டடக் குழுவில் இருக்கக் கூடாது. நம் சங்கத் தலைவியும் தங்கள் குழுத் தலைவரும் ஒரே அஞ்சல் பெட்டியில் கடிதம் வாங்குவதைத் தெருவே அறியும். இரு வீட்டாருமே மாப்பிள்ளை வீட்டாராக இருக்கிற கல்யாணத்தில் பெண்ணுக்கு என்ன நியாயம் கிடைக்கும்?

எனவே, உறுப்பினர் என்ற முறையில் விசாரணை கோருகிறேன். இக்கடிதத்தையே விண்ணப்பமாகக் கொள்ளவும். பட்டியலில் நாலாவதாக ஒரு நடுநிறம் சேர்க்க வேண்டும். பூச்சு வேலைக்கான கெடு எதுவும் அக்டோபருக்கு முன்னால் முடியக் கூடாது. குழுவைச் சட்டப்படி மாற்றியமைக்க வேண்டும். இந்த மூன்றும் நடக்கிறவரை அபராதத்தில் ஒரு டாலர்கூடக் கட்டமாட்டேன்.

மேற்குப் பார்த்த வேலி வைத்திருக்கும் மற்ற வீட்டார் கவனத்திற்கு: விசாரணைத் தேதி தெரிந்ததும் சொல்கிறேன். கோணிப்போன எபனிப் பலகை ஒன்றைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பெண் வீட்டார்